மனம் போடும் தப்புக் கணக்கு



2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. கொவிட்-19 கிருமித்தொற்று தொடர்பில் சிங்கப்பூரின் எச்சரிக்கை நிலை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்த்தப்படுவதாகச் சுகாதார அமைச்சு அன்று அறிவித்தது. அன்றிரவே பேரங்காடிகளில் வரிசை நீண்டுவிட்டது. அரிசி மூட்டைகள், மீ பொட்டலங்கள், கழிவறைத் தாள் எனத் தள்ளுவண்டிகள் நிரம்பி வழிந்தன. மறுநாள் பிரதமர் லீ சியன் லூங் காணொளி வழியாகப் பேசி மக்களை அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று பேரங்காடிகள் கட்டுப்பாடு விதித்தன.

வரிசையில் நின்றவர்கள் படிக்காதவர்கள் அல்லர். அரிசி இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற திட்டம் இந்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அது பலருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் கிடங்கில் கிடக்கும் அரிசி கண்ணுக்குத் தெரிவதில்லை. காலியாகக் கிடக்கும் அலமாரி தெரிகிறது. அதைப் படம் பிடித்து யாரோ கைப்பேசியில் அனுப்பிவிட்டால் பத்துப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரு வகையில் பார்த்தால் அவர்களுடைய அச்சத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. எல்லாரும் வாங்கிக் குவிக்கும்போது நிதானமாக இருப்பவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அரிசிக்காவது அந்தச் சமாதானம் பொருந்தும். காலங்காலமாகத் தண்ணீரே போதும் என்று பழகிய வீடுகளுக்குள்ளும் கழிவறைத் தாள் கட்டுக்கட்டாக நுழைந்ததே, அதற்கு என்ன விளக்கம் சொல்வது?

கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, அண்மையில் நடந்தது ஆகியவற்றுக்கு மனம் அளவுக்கு மீறிய எடை கொடுத்துவிடுகிறது. இதுபோன்ற மனச்சாய்வுகளை முறையாக ஆராய்ந்தவர்கள் டேனியல் கானமன், ஏமோஸ் டிவர்ஸ்கி என்ற இரண்டு இஸ்ரேலிய உளவியல் அறிஞர்கள். இவ்விருவரும் 1974ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளமாக அமைந்தது. டிவர்ஸ்கி 1996ஆம் ஆண்டு காலமானார். கானமனுக்கு 2002ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. பொருளியலைப் பாடமாக ஒருநாளும் படித்ததில்லை என்று சொல்லிக்கொண்டவருக்கு அந்தப் பரிசு! அவர் 2024ஆம் ஆண்டு மறைந்தார்.

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு சோதனை வேடிக்கையானது. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறார்கள். அது 10இல் அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு அது தெரியாது. சக்கரம் நின்றதும், ஐக்கிய நாட்டுச் சபையின் உறுப்பு நாடுகளில் நூற்றுக்கு எத்தனை விழுக்காடு ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்கிறார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் 10ஐப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடுமதிப்பு 25. அறுபத்தைந்தைப் பார்த்தவர்கள் சொன்னது 45. முதலில் கண்ட எண் நங்கூரம்போல் மனத்தில் இறங்கி, பிறகு போடும் கணக்கையெல்லாம் தன் பக்கம் இழுத்துவிடுகிறது.

இது ஆய்வுக்கூட விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள், சிங்கப்பூரில் வீவக மறுவிற்பனை வீடு வாங்கிய அனுபவமுள்ள யாரையாவது கேட்டுப் பார்க்கலாம்.

2014ஆம் ஆண்டுக்கு முன்பு வழக்கம் எப்படி இருந்தது? முதலில் வீட்டுக்கு அதிகாரபூர்வ மதிப்பீடு எடுப்பார்கள். பிறகுதான் பேரம் தொடங்கும். அந்தப் பேரம் வீட்டின் முழு விலையைப் பற்றியதாக இருக்காது. மதிப்பீட்டுக்கு மேல் எவ்வளவு ரொக்கம் என்பதே பேச்சு. ‘சிஓவி எவ்வளவு?’ என்பதுதான் காப்பிக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை கேட்ட கேள்வி. இந்தக் கூடுதல் தொகைக்கு மத்திய சேமநிதியைத் தொட முடியாது. வீட்டுக் கடனும் கிடைக்காது. மொத்தத்தையும் கையிலிருந்து ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். இளந்தம்பதியர் பலருக்கு அது பல ஆண்டுச் சேமிப்பு.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டின் மதிப்பீடு நான்கு லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த வட்டாரத்தில் முப்பதாயிரம் போகிறது’ என்கிறார் முகவர். அந்த நொடியில் இரண்டு நங்கூரங்கள் இறங்கிவிட்டன. நான்கு லட்சம் கேள்விக்கு அப்பாற்பட்ட அடிப்படையாகிவிடுகிறது. முப்பதாயிரம் பேரத்தின் தொடக்கமாகிவிடுகிறது. வாங்குபவர் மூச்சைப் பிடித்துப் பேசி இருபத்தைந்தாயிரத்துக்கு இறக்கிவிட்டால் ஐயாயிரம் மிச்சம் என்று மகிழ்ந்து போவார். அந்த வீடு நான்கே கால் லட்சம் பெறுமா என்ற கேள்வியை அவர் கேட்கவேயில்லை. விற்பவரும் அப்படித்தான். போன மாதம் பக்கத்து புளோக்கில் ஒருவர் நாற்பதாயிரம் வாங்கினார் என்று கேள்விப்பட்டால், அதற்குக் குறைந்து இறங்க மனம் வராது.

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒரு மாற்றம் செய்தது. இரு தரப்பும் முதலில் விலையைப் பேசி முடித்து, விற்பவர் வாங்குபவருக்கு உரிமைப் பத்திரம் கொடுத்த பிறகே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும் என்று ஆக்கியது. சிஓவி புள்ளிவிவரங்களை வெளியிடுவதையும் நிறுத்திக்கொண்டது. யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. பேராசைப்படாதீர்கள் என்று சுவரொட்டி ஒட்டவில்லை. இரண்டு படிகளின் வரிசை மட்டும் மாறியது. அதன் பிறகு இரு தரப்பும் முழு விலையைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. அண்மையில் அதே பகுதியில் கைமாறிய வீடுகளின் விலையைப் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்த மாற்றத்தால் நங்கூரம் அடியோடு போய்விட்டதா என்றால் இல்லை. இப்போது இணைய விளம்பரத்தில் விற்பவர் போடும் விலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அனுபவசாலிகளுக்கு இது ஒன்றும் செய்யாது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டூசான் நகரில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1987ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரே வீட்டை வீட்டு முகவர்களுக்குக் காட்டி, விற்பவர் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். கூடுதல் விலையைப் பார்த்த முகவர்கள் வீட்டைக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். அந்த விலையா தங்கள் மதிப்பீட்டைப் பாதித்தது என்று கேட்டபோது பெரும்பாலோர் இல்லை என்றார்கள். தொழில் தெரிந்தவர் கதையே இது என்றால், வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ வீடு வாங்குபவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விளம்பரத்தைத் திறப்பதற்கு முன்பே, கழகத்தின் இணையத்தளத்தில் அந்தத் தெருவில் கைமாறிய வீடுகளின் விலைகளைப் பார்த்துவிட்டு, தம்மால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த தொகையை ஒரு தாளில் எழுதி மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவிட வேண்டும். பார்த்த பிறகு எழுதினால் பயனில்லை.

அடுத்தது, வாரத்துக்கு மூன்று நாள் பலரைத் தூங்கவிடாத விவகாரம். புதன், சனி, ஞாயிறு மாலைகளில் குலுக்கப்படும் நாலு நம்பர்.

0000 முதல் 9999 வரை மொத்தம் பத்தாயிரம் எண்கள். அவற்றில் 23 எண்களுக்குப் பரிசு. சிங்கப்பூரில் ‘பெரிது’ என்று ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அடுத்த பத்து எண்களுக்குத் தலா 250, ஆறுதல் பரிசாக இன்னும் பத்து எண்களுக்குத் தலா 60. பத்தாயிரம் எண்களையும் ஆளுக்கு ஒரு வெள்ளியாக ஒருவரே வாங்கினால் என்ன ஆகும்? செலவு 10,000 வெள்ளி. கிடைக்கும் பரிசுகள் எல்லாம் சேர்ந்து 6,590 வெள்ளி. கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 34 காசு திரும்பி வராது. விபத்துக்குள்ளான காரின் எண், கனவில் வந்த எண், பேரன் பிறந்த நேரம், இறந்தவரின் புளோக் எண் என்று எதைக் கட்டினாலும் இந்தக் கணக்கு ஒரு காசும் மாறாது.

‘இந்த எண் வந்து ரொம்ப நாளாச்சு, இனி வந்தே தீரும்’ என்பார் ஒருவர். 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி மாண்டி கார்லோ சூதாட்டக் கூடத்தில் சுழல் மேசையின் பந்து தொடர்ச்சியாக 26 முறை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. குலுக்கல் இயந்திரத்துக்கும் கிடையாது.

பரிசு விழுந்த கடை என்று பெயர் பெற்ற கடைகளில் வரிசை வளைந்து வளைந்து நிற்பதும் இதே வகை. நிறையப் பேர் சீட்டு வாங்கும் கடையில் நிறையப் பரிசு விழத்தான் செய்யும். தோற்ற சீட்டுகளும் அங்கேதான் அதிகம். அவற்றை யாரும் பலகையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிடுவதில்லை.

சூதாட்டக் கூடத்தைப் பொறுத்தவரை அரசாங்கமே ஒரு மனச்சாய்வைத் தடுக்கப் போய் இன்னொன்றுக்கு வழிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. 2010ஆம் ஆண்டு செந்தோசாவிலும் மரினா பேயிலும் கூடங்கள் திறக்கப்பட்டபோது, சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அது 150 வெள்ளி ஆனது. வாசலில் பணம் கட்டும்போது ஒரு கணம் யோசிக்கட்டும் என்பது நல்ல எண்ணம்தான். அந்த வேகத்தடையில் திரும்பிப் போனவர்களும் இருப்பார்கள். ஆனால் கட்டி உள்ளே போனவரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். உட்காருவதற்கு முன்பே 150 வெள்ளி நட்டம்! அதையாவது எடுத்துவிட்டுப் போகலாம் என்று அவர் உட்காருகிறார்.

போன பணம் போனதுதான். அதை மீட்க இன்னும் பணம் போடுவதா வேண்டாமா என்பது தனிக் கேள்வி. மனம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கட்டிய கான்கார்டு விமானம் வணிக ரீதியில் பலன் தராது என்ற ஐயம் உருவாக்கக் கட்டத்திலேயே பலமாக எழுந்தது. ஆனாலும் இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று இரண்டு அரசாங்கங்களும் தொடர்ந்தன. அதனால் இந்தக் கோளாறுக்குக் ‘கான்கார்டு பிழை’ என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அரசாங்கங்களே தப்பவில்லை.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டால் போதுமா? இங்கேதான் பல தன்முன்னேற்ற நூல்கள் வாசகரை ஏமாற்றுகின்றன. மனச்சாய்வுகளின் பட்டியலை மனப்பாடம் செய்தால் தெளிவு பிறந்துவிடும் என்கின்றன. வாழ்நாள் முழுவதும் இதையே ஆராய்ந்த கானமன், 2011ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தம் மனம் இன்னமும் அதே தவறுகளைச் செய்வதாகவும் மற்றவர் தவறு தமக்கு எளிதாகப் புலப்படுவதாகவும் ஒப்புக்கொண்டார். மனத்தைத் திருத்துவதைவிட, முடிவு எடுக்கும் முறையைத் திருத்துவது சுலபம். வீவக செய்தது அதுதான்.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இதற்கு இன்னொரு சான்று. விருப்பம் இல்லை என்று எழுதிக் கொடுக்காதவர் அனைவரும் உறுப்பு தானத்துக்கு உடன்பட்டவராகவே அது கருதுகிறது. தொடக்கத்தில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவை சேர்ந்தன. 2008இல் முஸ்லிம்களும் அச்சட்டத்தின் கீழ் வந்தனர். மனிதர்கள் படிவம் நிரப்பச் சோம்பல்படுவார்கள் என்ற உண்மையை ஓர் உயிர் காக்கும் பக்கமாகத் திருப்பிவிட்டது சட்டம். அதைச் சரி என்பவரும் உண்டு, திணிப்பு என்பவரும் உண்டு. தன் உடலைப் பற்றிய முடிவைச் சோம்பலிடம் விட்டுவிடாமல், வேண்டும் வேண்டாம் என்று வீட்டாரிடம் பேசி வைப்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

இனி, இன்று பல வீடுகளின் நிம்மதியைக் குலைத்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு மட்டும் சிங்கப்பூரில் மோசடிக்காரர்களிடம் பறிபோன பணம் 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல். இவற்றில் பெரும்பாலானவற்றில் கணக்கை யாரும் உடைத்து எடுக்கவில்லை. பணத்துக்கு உரியவரே தம் விரலால் அனுப்பியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி கையில் இருக்கிறது. முதலீட்டுக் குழு ஒன்றில் யாரோ சேர்த்துவிடுகிறார்கள். அவர் முட்டாள் அல்லர்; சோதித்துப் பார்க்கிறார். முதலில் 200 வெள்ளி மட்டும் போடுகிறார். இரண்டு நாளில் 240 என்று காட்டுகிறது. எடுக்க முடிகிறதா என்று பார்க்கிறார். 240 வெள்ளி வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. குழுவில் உள்ள மற்றவர்களும் பணம் வந்ததாகப் படம் போடுகிறார்கள். இத்தனை சோதனைகளிலும் தேறிய பிறகு இருபதாயிரத்தை அனுப்புகிறார்.

எங்கே தவறினார்? 1960ஆம் ஆண்டு பீட்டர் வாசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிப்படி அமைந்தவை. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லி, விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் 8, 10, 12 என்றார்கள். சரி என்றார் அவர். 20, 22, 24. அதுவும் சரி. இரண்டிரண்டாகக் கூடுவதுதான் விதி என்று உறுதியாகச் சொன்னார்கள். அது தவறு. விதி இதுதான்: எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும். 1, 7, 50 என்று தம் எண்ணத்துக்கு மாறான ஒன்றைச் சொல்லிப் பார்த்தவருக்கு அது சட்டென்று தெரிந்திருக்கும். மனிதருக்குத் தம் எண்ணத்தை மெய்ப்பிக்கும் சோதனைதான் தோன்றுகிறது. பொய்ப்பிக்கும் சோதனை தோன்றுவதில்லை.

முதியவர் செய்ததும் 8, 10, 12 தான். உண்மையான முதலீடாக இருந்தாலும் 240 வெள்ளி வரும். மோசடியாக இருந்தாலும் வரும், ஏனென்றால் அது தூண்டிலில் குத்திய புழு. இரண்டு நிலையிலும் ஒரே விடையைத் தரும் சோதனை சோதனையே அல்ல. மோசடியாக இருந்தால் மட்டும் வேறு விடை தரக்கூடிய சோதனை எது? அந்த நிறுவனத்துக்கு உரிமம் உண்டா என்று சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பட்டியலில் தாமே தேடுவது. அவர்கள் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைப்பது. குழுவில் பேசுபவர்களில் ஒருவரையாவது நேரில் பார்க்க முடியுமா என்று கேட்பது.

பெருந்தொகை போன பிறகு கான்கார்டு பிழையும் வந்து சேர்கிறது. பணத்தை விடுவிக்க வரி கட்ட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்பார்கள். இருபதாயிரத்தைக் காப்பாற்ற இன்னும் ஐயாயிரம். பிள்ளைகள் விவரம் தெரிந்து சத்தம் போட்டால், ‘என் பணம், எனக்குத் தெரியும்’ என்று பெரியவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ‘அப்பா ஏமாந்துவிட்டார்’ என்று சொன்ன மாத்திரத்தில் பேச்சு அவருடைய மானத்தைப் பற்றியதாகிவிடுகிறது. மறுமுனையில் இருப்பவனோ அவரை ‘சார்’ என்று மரியாதையாக அழைத்துக்கொண்டிருக்கிறான். யார் பக்கம் அவர் சாய்வார்?

அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் வகுத்த ஒரு முறை இங்கே கைகொடுக்கும். ஒரு திட்டம் தோற்கக்கூடுமா என்று கேட்காமல், ‘ஆறு மாதம் கழிந்துவிட்டது, திட்டம் தோற்றுவிட்டது, எப்படித் தோற்றது?’ என்று கேட்கச் சொல்கிறார் அவர். ‘அப்பா, ஒருவேளை டிசம்பரில் இந்தப் பணம் இல்லாமல் போயிருந்தால், எந்த வழியில் போயிருக்கும்?’ என்று மகள் கேட்டால், அப்பா தம் அறிவைக் கொண்டே ஓட்டைகளைத் தேடத் தொடங்குவார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத கேள்வி அது. எல்லாருக்கும் இது பலிக்கும் என்பதற்கில்லை. சிலர் எதற்கும் அசையமாட்டார்கள்.

அப்படி அசையாதவர்களுக்காகவே 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நாடாளுமன்றம் மோசடிகளிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு ஜூலை முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. காவல்துறையும் வங்கியும் குடும்பமும் எடுத்துச் சொல்லியும் ஒருவர் பணம் அனுப்புவதில் பிடிவாதமாக இருந்தால், வேறு வழி இல்லாத நிலையில், அவருடைய கணக்குகளிலிருந்து பணம் போகாதபடி வங்கிகளுக்குக் காவல்துறை உத்தரவிடலாம். தொடக்கத்தில் 30 நாள். தேவைப்பட்டால் ஐந்து முறை வரை நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்கு வேண்டிய பணத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வழி உண்டு.

தம் சொந்தப் பணத்தைத் தாமே அனுப்பக்கூடாது என்று வளர்ந்த மனிதர் ஒருவரைத் தடுப்பது சிறிய விஷயம் அன்று. அதனால்தான் அதைக் கடைசி வழியாக வைத்தார்கள். அந்த 30 நாளும் பெரியவர் வீட்டில்தான் இருப்பார். கைப்பேசியில் செய்திகள் வந்துகொண்டேயிருக்கும். இரவு உணவுக்குப் பிள்ளைகளோடு உட்காருவார். அப்போது அவரோடு என்ன பேசுவது என்பதைச் சட்டம் எழுதி வைக்கவில்லை.